மதிப்பைக் கேட்டுப் பெற முடியாது

(சிதம்பரத்தில் தலைமை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாறுபட்ட இயல்புள்ள ஆசிரியர்களின் மதிப்பைத் தலைமை ஆசிரியர் பெறுவது எப்படி?" என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் நான்கு ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளியை நடத்துகிறீர்கள். சிலர் அறுபது பேர் பணியாற்றும் மேல்நிலைப் பள்ளியை நடத்துகிறீர்கள். எண்ணிக்கை எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான். ஒரே சுற்றறிக்கையை வாசிக்கிறோம். ஒருவர் உடனே எழுந்து வேலையைத் தொடங்குகிறார். ஒருவர் "இதற்கு அரசாணை இருக்கிறதா?" என்று கேட்கிறார். ஒருவர் கையொப்பமிட்டுவிட்டு மறந்துவிடுகிறார். இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் வகுப்புக்குப் போய்விடுகிறார். இந்த நால்வரும் நம்மை மதிக்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று கீழ்ப்படிதல், மற்றொன்று மதிப்பு. கீழ்ப்படிதலை நாற்காலி பெற்றுத் தந்துவிடும். விடுப்பு விண்ணப்பத்தில் கையொப்பமிடுவதும் ஊதியப் பட்டியலில் கையொப்பமிடுவதும் நாம்தான். அதனால் நாம் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். இதை மதிப்பு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். நீங்கள் முதன்மைக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்காகக் கடலூர் போயிருக்கும் நாளில் உங்கள் பள்ளி எப்படி நடக்கிறது? அன்றைக்கும் மூன்றாம் பாடவேளையில் வகுப்புகளில் ஆசிரியர் இருந்தால், அதுதான் மதிப்பு.

கல்வியியல் பட்டப் படிப்பில் நாம் அனைவரும் படித்த ஓர் ஆய்வு உண்டு. குர்ட் லெவினும் அவருடன் லிப்பிட், ஒயிட் ஆகியோரும் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கி வேலை கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 1939இல் வெளியானது. ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே கட்டளையிட்டார். இன்னொருவகைத் தலைவர் குழுவோடு கலந்து முடிவெடுத்தார். மூன்றாமவர் எதிலும் தலையிடவில்லை. இந்த மூன்றாவது குழுவில் வேலை சரியாக நடக்கவில்லை. கட்டளைக் குழுவில் வேலை நடந்தது. ஆனால் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் தலைவர் போன பிறகும் பிள்ளைகள் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். தேர்வுக்காக இதை எழுதி மதிப்பெண் வாங்கினோம். இப்போது நம் பள்ளியில் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம்.

இந்த ஊரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. அவரை ஆங்கிலச் சொற்பொழிவாளராகவும் அரசியல் மிதவாதியாகவும் நாடு அறியும். நமக்கு அவரிடம் வேறு உறவும் உண்டு. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர் அவர். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து பொதுவாழ்வுக்குப் போனார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தபோதும் பள்ளியை மறக்கவில்லை. டர்பனில் இந்தியப் பிள்ளைகளின் உயர்நிலைக் கல்விக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் அவர் முயற்சியால் எழுந்த நிறுவனம் அவர் பெயராலேயே சாஸ்திரி கல்லூரி எனப்பட்டது.

அவர் துணைவேந்தராக இருந்த அந்த ஆண்டுகளில் இங்கே தமிழ்ப் பணியில் இருந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். நாவலர் சோமசுந்தர பாரதியார் நன்கு நடந்துகொண்டிருந்த வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுப் பேராசிரியராக வந்தவர். மகாகவி பாரதிக்கும் வ.உ.சி.க்கும் நண்பர். மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். 1937இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் முடிவு வந்தபோது எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே படித்தவர். இளமையில் கால் நலிந்து, ஊன்றுகோல் துணையோடு நடந்தவர். தாமே முயன்று தமிழையும் வடமொழியையும் ஆழக் கற்று, மிருச்சகடிக நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கியவர். ரா. இராகவையங்கார் இராமநாதபுரம் சேதுபதி அவையில் புலவராக இருந்தவர், மரபுவழி ஆராய்ச்சியில் ஊறியவர். நீதிமன்றத்தில் வாதாடிப் பழகிய ஒருவர், வீட்டிலிருந்தே கற்று உயர்ந்த ஒருவர், அரசவைப் புலமையில் வளர்ந்த ஒருவர். இவர்களுக்கு மேல் ஆங்கிலத்தால் புகழ்பெற்ற ஒரு துணைவேந்தர்.

இவர்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இயல்பிலும் கொள்கையிலும் இவர்கள் வேறுவேறு. ஆனால் ஒருவர் தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்குப் புத்துரை கண்டார், ஒருவர் வகுப்பறையில் மாணவர் தலைமுறையை உருவாக்கினார், ஒருவர் ஆராய்ச்சித் துறையைப் பார்த்தார். எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்திருந்தால் இந்த மூன்றில் இரண்டை நாம் இழந்திருப்போம். வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆளை அறிந்து வேலையைக் கொடு, கொடுத்த பிறகு அவரிடம் விட்டுவிடு என்பது அதன் சாரம். நாம் முதல் பாதியைச் செய்கிறோம். இரண்டாம் பாதியில்தான் தடுமாறுகிறோம். கொடுத்த வேலையில் மணிக்கொருமுறை கை வைக்கிறோம்.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். எல்லாப் பள்ளியிலும் காணக்கூடிய ஐந்து இயல்புகளைச் சொல்கிறேன்.

முதலாமவர் பேசாதவர். ஆசிரியர் கூட்டத்தில் "உங்கள் கருத்து என்ன?" என்று திடீரென்று கேட்டால், "ஒன்றும் இல்லை சார்" என்பார். கருத்து இல்லாதவர் அல்லர். பத்துப் பேர் முன்னிலையில் உடனே சொல்வது அவர் இயல்பு இல்லை. கூட்டப் பொருளை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். கூட்டம் முடிந்த பிறகு அவர் வகுப்புப் பக்கம் போய்க் கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தந்த யோசனையை நடைமுறைப்படுத்தும்போது, "இது டீச்சர் சொன்ன யோசனை" என்று கூட்டத்தில் சொல்லுங்கள்.

இதில் என்ன பெரிய இழப்பு வந்துவிடும் என்று நினைக்கலாம். நான் நேரில் பார்த்த ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மிகவும் அமைதியானவர். ஆண்டுத் தொடக்கத்திலேயே தம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடத் தெரியவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். அதைக் கூட்டத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "உங்களுக்குப் பேசவே வரவில்லை, பிள்ளைகளுக்கு எப்படி வாசிக்க வரும்?" என்றார் அங்கிருந்த தலைமை ஆசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆசிரியை அதற்குப் பிறகு எதையும் சொல்லவில்லை. பதிவேடுகளைச் சரியாக எழுதினார், நேரத்துக்கு வந்தார், கீழ்ப்படிந்தார். அந்த ஒன்பது பிள்ளைகளும் அதே நிலையில் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். ஒரு வேடிக்கைப் பேச்சின் விலை ஒன்பது பிள்ளைகளின் ஓராண்டு. தலைமை ஆசிரியரின் மதிப்பைப் பற்றி நாம் பேசுவது நம் பெருமைக்காக இல்லை, இதற்காகத்தான்.

இரண்டாமவர் கேள்வி கேட்பவர். பெரும்பாலும் சங்கப் பொறுப்பில் இருப்பார். விதிகள் அவருக்கு மனப்பாடம். இவரைப் பார்த்தாலே சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் அவர் கேட்பது பெரும்பாலும் மற்றவர்கள் மனத்தில் இருக்கும் கேள்வியைத்தான். "மேலிடத்து உத்தரவு, செய்யுங்கள்" என்பது அவருக்குப் பதில் ஆகாது. சுற்றறிக்கையின் படியைக் கையில் கொடுங்கள். காரணம் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை மறக்காமல் சொல்லுங்கள். இப்படி இரண்டு முறை நடந்தால் போதும். மூன்றாவது முறை வேறொருவர் முணுமுணுக்கும்போது, "சார் காரணம் இல்லாமல் சொல்ல மாட்டார்" என்று அவரே சொல்வார்.

மூன்றாமவர் ஆர்வம் மிக்க இளைய ஆசிரியர். எமிஸ் பதிவேற்றமா, அவரைக் கூப்பிடு. கலைத் திருவிழாவா, அவரைக் கூப்பிடு. கணினி பழுதா, அதற்கும் அவரைக் கூப்பிடு. நன்றாக வேலை செய்பவருக்கு நாம் கொடுக்கும் பரிசு மேலும் வேலை! இரண்டு ஆண்டில் அவர் களைத்துப்போவார், அல்லது கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு ஒரு பொறுப்பை முழுமையாகக் கொடுங்கள். மற்றவற்றைப் பகிர்ந்து கொடுங்கள். "புதுசுதானே, போகப் போகத் தெரியும்" என்று ஓய்வறையில் வரும் கேலியிலிருந்து அவரைக் காப்பாற்றுங்கள். பாடவேளையில் அவரை அலுவலக வேலைக்கு அழைக்காதீர்கள். அவர் முதலில் ஆசிரியர்.

நான்காமவர் மூத்தவர். நம்மை விட வயதிலும் பணியிலும் மூத்தவராக இருக்கலாம். சில இடங்களில் நமக்கே பாடம் நடத்தியவராகவும் இருப்பார். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும். "எத்தனையோ தலைமை ஆசிரியரைப் பார்த்தாச்சு" என்பார். அவர் சொல்வது உண்மைதான், பார்த்திருக்கிறார். அந்த அனுபவத்தைக் கேளுங்கள். ஊரில் எந்தப் பெற்றோரிடம் எப்படிப் பேச வேண்டும், மழைக்காலத்தில் எந்த வகுப்பறை ஒழுகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்று. மூத்தவர் என்பதற்காக வகுப்பிலிருந்து விலக்கு அளித்துவிடாதீர்கள். "ஐயாவுக்கு முடியாது, விட்டுவிடுங்கள்" என்று சொல்வது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அது அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. அவருக்கும் அது தெரியும்.

ஐந்தாமவர் நமக்குச் 'சிக்கலானவர்'. தாமதமாக வருவார், எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பார். இவரிடம் முதலில் தேவை காரணம் அறிதல். சிதம்பரத்திலிருந்து கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் பேருந்தில் போகிறவருக்குக் காலையில் ஒரு பேருந்து தவறினால் என்ன ஆகும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடி வரும் ஆசிரியை இருப்பார். காரணம் அறிந்த பிறகும் நேரத்துக்கு வர வேண்டும் என்பது மாறாது. ஆனால் பேசும் முறை மாறும். தனியே, கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னிலையில் வேண்டாம். பள்ளியின் வாட்ஸப் குழுவில் வேண்டவே வேண்டாம். அங்கே போட்ட வரியை யாரும் மறப்பதில்லை, மறந்தாலும் யாராவது எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இப்படி வகை பிரித்தாலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கார்ல் யுங் 1921இல் அகமுகர், புறமுகர் என்று உளவியல் வகைகளைப் பற்றி எழுதினார். அந்தச் சொற்கள் நம் பாடப் புத்தகத்துக்கும் வந்துவிட்டன. ஆனால் மனிதர்களில் பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். கூட்டத்தில் வாய் திறக்காத உடற்கல்வி ஆசிரியரைக் கபடித் திடலில் பாருங்கள், குரல் தெருமுனை வரை கேட்கும். ஆகவே ஆசிரியர் நெற்றியில் சீட்டு ஒட்டாதீர்கள். "அவர் அப்படித்தான்" என்ற சொல்லை நாம் மாணவரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்கிறோம். ஆசிரியருக்கும் அதே விதி.

ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகப் பேசலாம். ஆனால் நியாயம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இயல்பு எதுவானாலும் ஆசிரியர் உற்றுப் பார்ப்பது இதைத்தான். ஒருவர் விடுப்பில் இருக்கும்போது அவர் வகுப்பை யாருக்குக் கொடுக்கிறோம்? எப்போதும் மறுக்கத் தெரியாத அதே ஒருவருக்கா? தற்செயல் விடுப்பை ஒருவருக்குத் தொலைபேசியிலும், இன்னொருவருக்கு மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுத்தால்தான் என்றும் அனுமதிக்கிறோமா? மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கோ ஆனித் திருமஞ்சனத்துக்கோ வரும் உள்ளூர் விடுமுறைக்கு ஈடான சனிக்கிழமைப் பணி நாளில் யாருக்குச் சலுகை தருகிறோம்? பள்ளி விழா என்றால் ஆசிரியைகள் கோலம் போட்டுத் தேநீர் கொடுக்க வேண்டும், ஆசிரியர்கள் மேடையில் பேச வேண்டும் என்று எழுதாத சட்டம் வைத்திருக்கிறோமா? இவற்றுக்கெல்லாம் ஒரு குறிப்பேடு போட்டு, ஓய்வறைச் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி மாட்டிவிடுங்கள். பாதிப் புகார் அடங்கிவிடும்.

இன்னொன்றையும் இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்லாமல் போக முடியாது. கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916இல் இங்கே நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பெயரில் அரசுப் பள்ளி இன்றும் நடக்கிறது. அவர் தொடங்கிய வேலை நம் ஓய்வறைக்குள் முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். யார் எங்கே உட்காருகிறார்கள், யாருடைய சாப்பாட்டுப் பாத்திரம் தனியாக இருக்கிறது, தூய்மைப் பணியாளரை எப்படி அழைக்கிறோம், சத்துணவு அமைப்பாளரை நிற்கவைத்துப் பேசுகிறோமா என்பதைப் பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரையும் ஒன்றாக நடத்தாத தலைமை ஆசிரியரை ஒரு பகுதியினர் மட்டுமே மதிப்பார்கள். அது மதிப்பு ஆகாது, கட்சி.

மென்மையாக இருந்தால் ஏறி மிதித்துவிடுவார்களே என்று சிலர் கேட்பீர்கள். மதிப்பு வேறு, தாட்சண்யம் வேறு. வகுப்புக்குப் போகாமலே இருப்பவர், பிள்ளையை அடிப்பவர், தகாத முறையில் நடப்பவர் இவர்களிடம் இயல்பு பார்க்க வேண்டியதில்லை. விதி இருக்கிறது. 17(அ), 17(ஆ) எதற்கு என்று நமக்குத் தெரியும். பிள்ளையின் பாதுகாப்பு தொடர்பான புகாரை ஒரு நாள்கூட மூடி வைக்கக் கூடாது. மற்றக் குறைகளுக்கு முதலில் வாய்மொழி, பிறகு எழுத்து, அவர் தரப்பைக் கேட்பது, பிறகு நடவடிக்கை என்ற வரிசை மாறக் கூடாது. கோபத்தில் எழுதும் குறிப்பாணையை அன்றே கொடுக்காதீர்கள். ஓர் இரவு மேசையில் இருக்கட்டும். மறுநாள் வாசித்துப் பார்த்தால் பாதி வரிகளை நீங்களே அடித்துவிடுவீர்கள். மிஞ்சும் பாதிதான் வலுவானது.

நம் மாவட்டத்துக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 பெருவெள்ளம். இந்த மூன்றிலும் பள்ளிக் கட்டடங்கள் மக்கள் தங்கும் இடங்களாக மாறியதைப் பார்த்தவர்கள் நாம். அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். எப்போதும் கேள்வி கேட்டு நம்மைத் துளைத்தவர், வந்திறங்கிய அரிசி மூட்டைகளை எண்ணிக் கணக்கு வைத்தார். சிடுசிடுப்பவர் வரிசையை ஒழுங்குபடுத்தினார், யாரும் முண்டியடிக்கவில்லை. பேசாத ஆசிரியை தாயை இழந்த பிள்ளையின் பக்கத்தில் பேசாமலே உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளைக்கு அதுதான் வேண்டியிருந்தது. சாதாரண நாளில் குறை என்று நாம் நினைத்த இயல்பு, நெருக்கடியில் பள்ளியின் பலமாக வந்து நின்றது. அன்றைக்கு யாரும் பதவியைப் பார்த்து வேலை செய்யவில்லை. முன்னே நின்று மூட்டை தூக்கிய தலைமை ஆசிரியரின் சொல்லைக் கேட்டார்கள். அவர் சொல்லைப் பிறகும் கேட்டார்கள்.

புயல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்துக்குச் சில பாடவேளையாவது நீங்களே வகுப்பு எடுங்கள். அலுவலகப் பணி எவ்வளவு இருந்தாலும் இதை விடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பின் கடைசி வரிசையை மதிய வேளையில் சமாளிப்பது என்னவென்று தெரிந்த தலைமை ஆசிரியர் சொல்லும் அறிவுரைக்குத் தனி எடை உண்டு. பாராட்டைப் பலர் முன்னிலையில் சொல்லுங்கள், திருத்தத்தைத் தனியே சொல்லுங்கள். பாராட்டும்போது "நன்றாகச் செய்தீர்கள்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "பின்னக் கணக்குக்கு நீங்கள் கொண்டுவந்த காகித மடிப்பு நன்றாக இருந்தது" என்று சொல்லுங்கள். தன் வகுப்பை ஒருவர் கவனித்துப் பார்த்தார் என்பதை விட ஆசிரியருக்குப் பெரிய மரியாதை இல்லை. மதிப்பைக் கேட்டுப் பெற முடியாது. கொடுத்தால் வரும், அதுவும் தாமதமாகத்தான் வரும்.

நிறைவாக ஒரு வீட்டுப்பாடம். ஆசிரியர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை, அதனால் கொடுக்கிறேன். இன்று இரவு உங்கள் பள்ளியில் பணியாற்றும் எல்லாருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆசிரியர், எழுத்தர், அமைப்பாளர், தூய்மைப் பணியாளர் எல்லாரும் அதில் வரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் நன்றாகச் செய்யும் ஒரு வேலையை எழுதுங்கள். அதை அவரிடம் கடைசியாக எப்போது சொன்னீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். யாருக்காவது அந்த இடம் காலியாக இருந்தால், திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் அவர் வகுப்பின் பின் பெஞ்சில் போய் உட்காருங்கள். பார்வைக் குறிப்பேடு எடுத்துப் போகாமல், சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்.